‘யூமி’ சொல்லப் பழகும் வரை: பப்புவா நியூகினிக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு

பப்புவா நியூகினிக்கு மிஷனரியாகப் போகும் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் ஓர் இடத்தை நாம் ஒரே நாளில் தாண்டிவிடலாம். அந்த நாட்டில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள். சந்தையிலும் சபையிலும் எல்லாரையும் இணைப்பது டோக் பிசின். அதில் ‘யூமி’ என்றால் நாம், ‘மிபெலா’ என்றால் நாங்கள். கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விட்டுச் சொல்கிறோமா என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த வித்தியாசம்.

கர்த்தருடைய ஜெபம் அங்கே ‘பாப்பா பிலோங் மிபெலா’, அதாவது ‘எங்கள் பிதாவே’. பாவமன்னிப்புக் கேட்கும்போது ‘யூமி’ போட்டுவிட்டால் கடவுளையும் பாவிகள் கணக்கில் சேர்த்ததாகிவிடும். பிரசங்கத்தில் நிலைமை தலைகீழ். ‘மிபெலா மனந்திரும்ப வேண்டும்’ என்று முழங்கினால், வந்தவர்கள் ஏதோ தப்புச் செய்திருக்கிறார்கள் போல என்று சபையார் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டிருப்பார்கள். ‘யுபெலா’ என்றால் நீங்கள். அது விரல் நீட்டுவது. பிரசங்கத்துக்கு வேண்டியது ‘யூமி’. வாயால் சொல்லிவிடலாம், கேட்கிறவர்கள் அதை ஒப்புக்கொள்ளத்தான் வருஷங்கள் ஆகும்.

முதல் மூன்று மாதத்தை டோக் பிசினுக்கென்றே ஒதுக்குங்கள். கட்டடம், டியூஷன், தையல் வகுப்பு எதையும் தொடங்க வேண்டாம். காலையில் ஒருவரோடு ஒரு மணிநேரம் உட்கார்ந்து பத்து வாக்கியம் கற்பது, சாயங்காலத்துக்குள் அந்தப் பத்தையும் ஐந்து பேரிடமாவது சொல்லிப் பார்ப்பது, இது போதும். சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்பதால் புரிந்துவிட்டதாக ஏமாறுவது சுலபம். ‘கிலிம்’ என்றால் பெரும்பாலும் அடித்தான் என்றுதான் பொருள். ‘கிலிம் இ டாய்’ என்றால்தான் சந்தேகமில்லாமல் கொன்றான். ‘ஸ்டாப்’ என்பது நிற்பதல்ல, இருப்பது. ‘காட் இ ஸ்டாப்’ என்றால் கடவுள் இருக்கிறார். அதன்பின் ஊரின் சொந்த மொழி, ‘டோக் ப்ளெஸ்’. அதற்கு மாதக் கணக்கு போட முடியாது.

மூட்டை கட்டுவது பற்றிச் சுருக்கமாக. மின்சாரம் 240 வோல்ட், ஆனால் பிளக் ஆஸ்திரேலிய வகை. நம் ஊர் பிளக் பொருந்தாது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டுக்குச் சாலையே கிடையாது, விமானம்தான். கிராமங்களுக்குப் போகும் சின்ன விமானங்களில் பெட்டியோடு ஆளையும் எடை போடுவார்கள். கொரோகா போன்ற ஊர்கள் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் ஸ்வெட்டர் வேண்டும். பெண்கள் தொடை வடிவம் தெரியாத உடை அணிய வேண்டும், சல்வார் கச்சிதம். சாப்பாட்டையோ உட்கார்ந்திருக்கும் ஆணின் காலையோ பெண்கள் தாண்டக் கூடாது. நம் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். குடிநீர் பல இடங்களில் கூரை மழைநீர்தான்: 40 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால், சிந்தியது போக, 400 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட வேண்டும். தொட்டியின் வாய்க்குக் கொசு புகாத வலை அவசியம்.

இனி, வந்தவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடம்: கொடுப்பது. மவுண்ட் ஹேகன் வட்டாரத்தில் ‘மோகா’ என்றொரு முறை உண்டு. ஒருவர் மற்றவருக்குப் பன்றிகளைக் கொடுப்பார். வாங்கியவர் பின்னொரு நாள் வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்ப வேண்டும். அந்தக் கூடுதல்தான் மோகா. திருப்ப முடியாத அளவுக்குக் கொடுத்தவர் ‘பிக்மன்’, பெரிய மனிதர். நம் ஊர் மொய்யை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். ஊரில் எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் போய்ப் பத்தாயிரம் மொய் எழுதிவிட்டு, தன் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் ‘மொய் வாங்குவதில்லை’ என்று ஒருவர் பத்திரிகை அடித்தால் ஊர் என்ன பேசும்? கைம்மாறு வேண்டாத சேவை என்று நாம் நினைத்துச் செய்வது அங்கே அப்படித்தான் படும். இவர் நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று.

ஆகவே யாராவது ஒரு பை நிறைய கௌகௌ, அதாவது சீனிக்கிழங்கு, கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்; அது வியாபாரமாகிவிடும். சில நாள் கழித்து வேறு ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு நோட்டில் கொடுத்தது ஒரு பக்கம், வாங்கியது ஒரு பக்கம் என்று எழுதி வருவது உதவும். ஊழியத்துக்கு வந்த இடத்தில் மொய் நோட்டா என்று தோன்றலாம். ஆறு மாதம் கழித்து வாங்கிய பக்கம் காலியாகக் கிடந்தால் எங்கோ தப்பு நடக்கிறது என்று அந்த நோட்டுதான் சொல்லும். யோவான் 13-இல் பேதுரு முரண்டு பிடித்ததும் கால் கழுவுவதற்கல்ல, கழுவ விடுவதற்கு.

கடன் கேட்பதற்கு ‘தினாவ்’ என்று பெயர். ஒருவருக்குக் கொடுத்தால் இருட்டுவதற்குள் அவருடைய ‘வன்டோக்’குகள், அதாவது ஒரே மொழி பேசும் சொந்தபந்தம், அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். உப்பு, சோப்பு, தீப்பெட்டிக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு போன்றவற்றுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை வரையறுத்து, யாருக்கு என்பதைச் சபை மூப்பர்களிடம் விட்டுவிடுங்கள்.

சாவு வீடு அங்கே ‘ஹவுஸ் க்ராய்’. போகும்போது 10 கிலோ அரிசி மூட்டை, சர்க்கரை, தேயிலை, டின் மீன் எடுத்துப் போகலாம். யார் கையிலும் ரகசியமாகத் திணிக்காமல், மற்றவர்கள் வைத்திருக்கும் இடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். தரையில் உட்காருங்கள். ‘சோரி ட்ரூ’ என்பதற்கு மேல் பேச்சு தேவையில்லை, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் துக்கம் கேட்பது. வண்டியில் வந்து, கால் மணி நேரம் ஜெபித்துவிட்டு, போனைப் பார்த்தபடி கிளம்புகிற போதகர் வராமலே இருந்திருக்கலாம்.

அங்கே ஒருபோதும் கேட்கக் கூடாத கேள்வி, ‘திடீரென்று எப்படி இறந்தார்?’ நோயில் போனவருக்கும், அந்த நோயை ஏவியது யார் என்று தேடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி ஏவும் சூனியத்துக்கு ‘சங்குமா’ என்று பெயர். நாம் சாதாரணமாகக் கேட்டது ஓர் ஏழை விதவைமேல் பழியாக விழலாம். தீய சூனியத்தைக் குற்றமாக்கிய சூனியச் சட்டம் 1971-இல் வந்து 2013-இல் ரத்தானது, ஆனாலும் தாக்குதல்கள் நிற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உங்களிடம் ஓடி வந்தால் வீட்டில் ஒளித்துவைத்துத் தனியாகச் சமாளிக்காதீர்கள். போதகர், போலீஸ் இருதரப்புக்கும் சொல்லி, முடிந்தால் அன்றைக்கே அவரை வட்டாரத்தை விட்டு வெளியேற்ற வேண்டும்.

மலேரியாவில் மலைநாட்டுக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுவது. மேலே கொசுத் தொல்லை குறைவு. கருத்தரங்குக்கென்று கடலோர ஊர்களான லேய்க்கோ மடாங்குக்கோ ஒரு வாரம் இறங்கிப் போய்த் திரும்புவார்கள். பத்துப் பதினைந்து நாளில் காய்ச்சல் வந்தால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாராசிட்டமால் போடுவார்கள். காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. மருத்துவர் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் கொடுத்தால் மூன்று நாளில் ஆறு வேளை. இரண்டாம் வேளை 8 மணி நேரம் கழித்து. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் மருந்து சரியாக உடலில் சேராது. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று நிறுத்துவது பெரிய தப்பு. வைவாக்ஸ் வகை என்றால் கிருமி ஈரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும்பும். அதற்குப் பிரிமாக்வின் வேண்டும், அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். கைக்குழந்தையோ கர்ப்பமோ இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இந்த நாட்டில் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தவர்களில் பலர் ஐரோப்பியர் அல்லர், பசிபிக் தீவுக்காரர்கள். குக் தீவுகளிலிருந்து 1872-இல் வந்த ருவாடோகா 1903-இல் இறக்கும்வரை தெற்குக் கரையிலேயே இருந்தார். அவரோடும் அவருக்குப் பின்னும் வந்த பலர் மலேரியாவில் செத்தார்கள். நமக்கு நெருக்கமான இன்னொருவர், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா. 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், உங்கள் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டவர். இப்போது அந்த மிஷனரிகளின் நாற்காலியில் தமிழர் உட்கார்ந்திருக்கிறார். போதகர் சம்பளத்தைத் தமிழ்நாட்டுக் காணிக்கையிலிருந்து கொடுக்கத் தொடங்கினால், அவர் கண் தன் சபையைவிட நம் வங்கிக் கணக்கின் மேல்தான் இருக்கும். அவர்கள் தோட்டத்து விளைச்சலிலிருந்து கொடுப்பது குறைவாக இருந்தாலும் அதுவே சம்பளமாக இருக்கட்டும். பயிற்சிச் செலவுக்கும் புத்தகத்துக்கும் நாம் உதவலாம்.

ஊழியம் முடித்து ஊருக்குக் கிளம்பும்போது, கொடுத்தது வாங்கியது எழுதிய அந்த நோட்டைத் திரும்ப எடுக்க வேண்டும். தொட்டி, சோலார் பேனல், அலமாரி எதையும் தனி ஆளுக்குக் கொடுக்காமல், சபையில் பட்டியலை வாசித்து ஒப்படையுங்கள். வாங்கிய பக்கத்துப் பாக்கியை ஒரு ‘மூமூ’ போட்டுத் தீர்க்கலாம்: குழி வெட்டி, விறகில் கல் காய்ச்சி, வாழையிலை விரித்து, கௌகௌ, கீரை, இறைச்சி அடுக்கி மூட வேண்டும். பன்றியைப் பாதி வேக்காட்டில் எடுத்துவிடாமல் எலும்பை விட்டுக் கழலும் வரை விடுங்கள். வேகாத பன்றியால் குடலை அழுக வைக்கும் ‘பிக்பெல்’ நோய் மலைநாட்டில் வந்ததுண்டு. பங்கு பிரிக்கும் வேலையை உள்ளூர் மூப்பரிடம் விடுங்கள். யாருக்குத் தொடை, யாருக்கு விலா என்பது வெளியாளுக்குப் புரியாது. அட்வென்டிஸ்ட் சபையார் வருவதானால் பன்றி படாத தனிக் குழியும் தனிக் கல்லும் வேண்டும். அதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.