டிடெக்டருக்கு ஒரு ஸ்டாண்டு

மெட்டல் டிடெக்டரைச் சோதித்துப் பார்க்க மேசைமேல் வைத்தால் ஒரே அலறல். மேசைக்குள் இருக்கும் ஆணிகள்தான் காரணம். டிடெக்டரின் கம்பிச் சுருளிலிருந்து கிளம்பும் மாறு காந்தப்புலம் பக்கத்து உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அதைத்தான் கருவி மோப்பம் பிடிக்கிறது. ஆணியோ காசோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

சரி என்று, பிளம்பிங் வேலையில் மிஞ்சிய முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பை எடுத்து அறுத்தேன். ஸ்டாண்டுக்கு 4 எல்போ (வளைவு இணைப்பு), 2 டீ (T வடிவ இணைப்பு). பிடிமானத்துக்கு ஒரு இரும்பு ஸ்க்ரூவையும் முடுக்கித் தொலைத்தேன் (பழக்க தோஷம்!). மறுபடி அலறல். கழற்றிவிட்டு சால்வென்ட் சிமென்ட் (பிவிசி ஒட்டும் பசை) பூசினேன். தரை கான்கிரீட்டில் கம்பி இருக்குமே, அதனால் கால்களை இரண்டரை அடிக்கு உயர்த்தினேன்.

இப்போது 10 ரூபாய் நாணயத்தை 18 செ.மீ. தள்ளிக் காட்டினாலும் கத்துகிறது. ஒரு கால் மட்டும் குட்டை. அட்டைத் துண்டு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.