வீட்டுக்குள் இருங்கள் என்கிறார்கள்

வெயில் ஏறத் தொடங்கினால் போதும், போனில் எச்சரிக்கை வந்துவிடும். மதியம் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள். தாராவியில் என் அத்தை வீட்டுக்கு அந்த நேரத்தில் ஒரு தடவை வந்திருந்தால் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். ஒரே அறை, சன்னல் கிடையாது, மூலையில் அடுப்பு, தலைக்கு மேல் தகரம். உள்ளே இருப்பதைவிட வெளியே சந்து நிழல் எவ்வளவோ மேல்.

அத்தைக்கு இட்லி வியாபாரம். மே மாதம் மாவு சீக்கிரமே புளித்துப் பொங்கிவிடுகிறது என்று, அரைப்பதையே பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொண்டாள். மாநாடுகளில் காலநிலைத் தகவமைப்பு என்று பேசுகிறார்களே, அது இதுதான். சொன்னால் சிரிப்பாள்.

எச்சரிக்கை மட்டும் போதாது என்று காட்டியது வங்கதேசம். அங்கே 1970 நவம்பர் புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். 1972-இல் ஊர்க்காரர்களையே தொண்டர்களாக்கி, மெகாஃபோன் கொடுத்து, வீடு வீடாக எச்சரிக்க ஏற்பாடு செய்தார்கள். அப்படியும் 1991-இல் ஏறத்தாழ 1,38,000 பேர் போனார்கள். சேதி கிடைத்தும் பலர் கிளம்பவில்லை. மாட்டை யாரிடம் விடுவது? முகாமில் அவ்வளவு ஆண்களுக்கு நடுவே பெண்கள் எப்படி ராத் தங்குவது? அப்புறம் கட்டிய முகாம்களில் மாடு கட்ட மேடும் பெண்களுக்குத் தனி அறையும் வந்தன, பெண் தொண்டர்களும் பெருகினார்கள். 2020-இல் ஆம்பன் புயலுக்கு முன் சுமார் 24 லட்சம் பேர் அங்கே இடம் மாறினார்கள். அது கரை கடந்தது மேற்கு வங்கத்தில்தான், ஆனாலும் அத்தனை பேர் கிளம்பியது சும்மா இல்லை.

அகமதாபாத்தில் 2013 முதல் வெப்பச் செயல்திட்டம் இருக்கிறது. ஏழைகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் அங்கே நடக்கிறது. உள்ளே சில டிகிரி குறையும். செலவும் பெரிதில்லை. நானே அடித்துத் தருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன்.

"அடிச்சா நல்லாத்தான் இருக்கும்லே. வீடு நல்லா இருக்குன்னு ஓனர் வாடகைய ஏத்திருவாரு. அப்புறம் நீயா கட்டுவ?"

அவளுடைய மாடு அதுதான்.

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் வாக்குக் கொடுத்த பணக்கார நாடுகள் 2022-இல்தான் அந்தத் தொகையைத் தொட்டன. அதிலும் தகவமைப்புக்கு வந்தது சிறு பங்கு. அந்தப் பணத்தில் சுண்ணாம்பு வாங்கலாம், சரி. இரண்டு வருஷத்துக்கு வாடகையை ஏற்ற மாட்டேன் என்று ஓனரிடம் எழுதி வாங்க எந்தத் திட்டத்தில் ஆள் வைத்திருக்கிறார்கள்?

இப்போதைக்கு ஓனருக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்திருக்கிறேன். ஏப்ரலுக்குள் பேசி முடித்தாக வேண்டும். ஜூனில் மழைக்காக எப்படியும் கூரைமேல் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும்.