அவனிடம் சொல்லிவிடு

"திட்டமா, சும்மா பேச்சா? ஒன்றைச் சொல்லுங்கள், எனக்கு நேரமில்லை" என்றார் எபிசோட் டைரக்டர். "திட்டம்தான்" என்றேன். தலையாட்டிவிட்டு எடிட் அறைக்குள் போய்விட்டார். என் வேலை அத்தோடு முடிந்தது. நிகழ்ச்சியும் முடிந்து, அதில் வென்றவர் யார் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. நான் மட்டும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாள் 'திட்டம்தான்' என்கிறேன், சில நாள் 'அடைதான்' என்கிறேன்.

அடைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வரி: நான் லாகர். வீட்டுக்குள் அடைபட்டிருப்பவர்கள் பேசுவதை ஹெட்ஃபோனில் கேட்டு, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று நேரத்தோடு எழுதிவைப்பவன். நிகழ்ச்சியின் பெயர் வேண்டாம். ஆட்களை ஒரு வீட்டில் பூட்டிவைத்து, வாராவாரம் ஒருவரை வெளியேற்றும் பெரிய ரியாலிட்டி நிகழ்ச்சிகள் ஓடியதைப் பார்த்து முளைத்தவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு அணைத்த பிறகு சமையலறையில் இரண்டு பேர். ஒருவரை வீடே அக்கா என்று கூப்பிடும். இன்னொருத்தி வயதில் மிகச் சின்னவள். அக்கா மறுநாள் காலை அடைக்கு அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக்கொண்டிருந்தார். "இதைக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். நைஸாக அரைத்தால் தோசையாகிவிடும். நாளைக்கு அரைக்கிற முறை அவனுடையதுதானே?" என்றார். சின்னவள் ஆமாம் என்றாள். பிறகு அக்காவின் குரல் தணிந்தது.

"நாளைக்கு நீ யார் பெயரைச் சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். என் பெயர் உன் வாயில் வராதில்லையா?"

"உங்கள் பெயரை நான் எப்படி அக்கா சொல்வேன்?"

"அது போதும்."

அதற்குப் பிறகு குழாய்ச் சத்தம். பாத்திரம் கழுவுகிறார். எங்கேயோ ஒரு மூடியை எடுத்து வைக்கிற சத்தம். சின்னவள் கொட்டாவி விடுகிறாள். குழாய் நிற்கிறது. "அவனிடம் சொல்லிவிடு. போய்ப் படு" என்கிறார் அக்கா. இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். சட்டையில் குத்தியிருக்கும் மைக் இரண்டும் நசுங்கும்போது காதில் விழுவது துணி உரசலும், அதற்கு அடியில் 'தம் தம்' என்று யாருடையதோ ஒரு நெஞ்சுத் துடிப்பும்தான். அந்த நேரத்தில் காதோரமாக ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரியாது.

'அவனிடம் சொல்லிவிடு' என்பதைக் குழாய்ச் சத்தத்துக்கு முன்னால் நடந்த பேச்சோடு சேர்த்தால் அது கூட்டணி. அதற்கும் முன்னால் நடந்த பேச்சோடு சேர்த்தால் கொரகொரப்பான அடை.

நாமினேஷன் பற்றி, அதாவது வெளியேற்றும் பட்டியலுக்கு யார் பெயரைச் சொல்வது என்பது பற்றி, வீட்டுக்குள் பேசுவது விதிமீறல் என்பதால் அந்தப் பெயர்ப் பேச்சே போதுமே என்று தோன்றலாம். போதாது. அந்த விதியை வீட்டில் யாரும் மதிப்பதில்லை, நாங்களும் தினமும் கண்டிப்பதில்லை. இரண்டு பெண்கள் ராத்திரியில் 'என் பெயரைச் சொல்லாதே' என்று கேட்டுக்கொள்வது ஒரு எபிசோடை நிரப்பாது. மூன்றாவது ஆள் சேர்ந்தால்தான் அது குரூப். குரூப்புக்கு ஒரு தலைவி வேண்டும், செய்தியைக் கொண்டுபோக ஒருத்தி வேண்டும், வாங்கிக்கொள்ள ஒருவன் வேண்டும். அந்தக் கடைசி வரி இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டது.

நான் லாகில் 'அது போதும்', 'அவனிடம் சொல்லிவிடு' என்ற இரண்டு வரிகளையும் தனித்தனி டைம்கோடு போட்டுத்தான் எழுதியிருந்தேன். நடுவில் 'குழாய், பாத்திரம்' என்றும் எழுதினேன். இதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஏன் 'திட்டம்' என்றேன்? அன்றைக்கு என்னிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது, இன்றைக்கும் அது கெட்டுப்போய்விடவில்லை. அக்கா கெட்டிக்காரர். போட்டிகளில் யாரை முதலில் அனுப்புவது, யாரைக் கடைசிக்கு வைப்பது என்று உட்கார்ந்து யோசிக்கிற மூளை. அவரை வெறும் அன்பு மழையாகக் காட்டுவதுதான் அவமரியாதை என்று நினைத்தேன். இதையே ஒரு ஆண் செய்தால் 'நன்றாக விளையாடுகிறார்' என்கிறோம். ஒரு பெண் செய்தால் ஒன்று தாயுள்ளம், இல்லையென்றால் சூழ்ச்சி. நான் அவருக்கு விளையாட்டைக் கொடுத்தேன். ஆனால் ஒளிபரப்பில் அது சூழ்ச்சியாகத்தான் போய்ச் சேர்ந்தது. பின்னணி இசைக்கு நானா பொறுப்பு?

எங்கள் டைரக்டருக்குப் பிடித்த ஆள் ரிச்சர்ட் ஹாட்ச். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'சர்வைவர்' முதல் சீசனை வென்றவர். போர்னியோவை ஒட்டிய புலாவ் திகா தீவில் 16 பேரை இறக்கிவிட்டார்கள். ஹாட்ச் தன்னோடு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, எதிர் அணியைச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். கூட்டணி போடுவது அசிங்கம் என்று நினைத்தவர்கள்தான் முதலில் வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் அவரால் வெளியேற்றப்பட்டவர்களும் இருந்த ஏழு பேர் குழு 4–3 என்று அவருக்கே பத்து லட்சம் டாலரைக் கொடுத்தது. "பாருங்கள், தோற்றவனே ஒப்புக்கொள்கிறான். அதுதான் கேம்" என்பார் டைரக்டர். ஒவ்வொரு மீட்டிங்கிலும் இந்தக் கதை ஒரு முறை வரும்.

அதே ஆண்டு, அதே ஆகஸ்ட் மாதத்தில் லண்டனில் நடந்ததை அவர் சொல்லமாட்டார். பிரிட்டனின் 'பிக் பிரதர்' முதல் சீசனில் நிக் பேட்மேன் என்பவர் காகிதத்தில் பெயர்களை எழுதிக் காட்டி, யாரை நாமினேட் செய்யலாம் என்று மற்றவர்களைத் தூண்டினார். வீட்டிலிருந்தவர்களே அவரைச் சுற்றி உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். ஆகஸ்ட் 17 அன்று வெளியேற்றப்பட்டார். ஹாட்ச் வென்ற எபிசோட் ஒளிபரப்பானது ஆகஸ்ட் 23. ஒரு வார இடைவெளியில் ஒரே காரியத்துக்கு ஓரிடத்தில் பரிசு, இன்னோரிடத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே. நிக்கைக் கேள்வி கேட்டு மடக்கிய கிரெய்க் ஃபிலிப்ஸ்தான் அந்த சீசனை வென்றார். பரிசுப் பணம் 70,000 பவுண்டை ஒரு தோழியின் அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்தார்.

மனிதர்களின் குணம் ஆறு நாளில் மாறவில்லை. ஓட்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். போட்டியாளர்களே ஒருவரையொருவர் வெளியேற்றும் இடத்தில் கூட்டணி ஒரு திறமை. ஜனங்கள் ஓட்டுப்போடும் இடத்தில் அது குற்றம். நம்மூரில் 2021இல் ஜான்சிபாரில் எடுத்த தமிழ் 'சர்வைவர்' முதல் வகை. 2017இல் தொடங்கிய தமிழ் 'பிக் பாஸ்' இரண்டாம் வகை. அதன் முதல் சீசனில் வீட்டுக்குள் தனித்து நின்ற ஓவியாவுக்குப் பின்னால்தான் ஒரு படையே திரண்டது. நான்காம் சீசனில் சேர்ந்தே இருந்தவர்களுக்குப் பார்வையாளர்கள் 'அன்பு கேங்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். வென்றவர் பலரோடும் முட்டிக்கொண்டிருந்த ஆரி அர்ஜுனன். நாங்கள் எடுத்ததும் இந்த இரண்டாம் வகைதான். ஆனால் டைரக்டர் மனதில் ஓடியது முதல் வகை. கூட்டணியை 'அடடா, என்ன மூளை' என்று காட்டுவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் ஓட்டுப்போடும் செயலியைத் திறந்தார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. நாமினேஷனிலிருந்து காப்பாற்றுகிற நட்பு நீண்ட நாளைக்கு நல்லதல்ல. வாராவாரம் பட்டியலில் வருகிறவருக்கு ஓட்டுப்போட்டு ஜனங்களுக்குக் கை பழகிவிடும். பத்திரமாக இருந்தவர் ஒரு நாள் பட்டியலில் வந்தால், அவருக்கு ஓட்டுப்போடும் வழக்கமே யாருக்கும் இருக்காது. அக்கா அப்படித்தான் பத்திரமாக இருந்தார்.

மறுநாள் நாமினேஷனில் நடந்தது இது: சின்னவள் அக்கா பெயரைச் சொல்லவில்லை. அக்கா, மாவு அரைக்கும் முறை வந்த அந்தப் பையன் பெயரைச் சொன்னார். பையன் அக்கா பெயரைச் சொன்னான்.

இந்த இடத்தில் நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். கூட்டணி என்று ஒன்று இருந்திருந்தால் இப்படி நடக்குமா? "அப்படியானால் அது அடைதான் போலிருக்கிறது சார்" என்று டைரக்டரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கூட்டணிக்குள்ளேயே துரோகம்!" என்றார்.

நான் வாயடைத்துப்போனேன். துரோகம் என்று காட்டுவதற்கு முந்தைய இரவு கூட்டணி இருந்தே ஆக வேண்டும். கூட்டணி இல்லை என்பதற்கு நான் கொண்டுபோன சாட்சியமே அது இருந்ததற்குச் சாட்சியமாகிவிட்டது. ஒளிபரப்பில் குழாய்ச் சத்தம் இல்லை. "அது போதும். அவனிடம் சொல்லிவிடு." உடனே பையனின் முகம். உடனே நாமினேஷன் அறை. குழாயை வெட்டியதைக் குறை சொல்லவும் முடியவில்லை. பாத்திரம் கழுவுவதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அந்த வாரம் வெளியே போனவன் பையன்தான். அக்காவை நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் என்று ஊர் பேசியது. அக்காவும் அவன் பெயரைச் சொன்னார் என்பது யாருக்கும் பொருட்டாகவில்லை. தலைவி சொன்னால் அது முடிவு, தொண்டன் சொன்னால் துரோகம். மேடையில் தொகுப்பாளர் அவனிடம் கேட்டபோது, "சார், நான் எந்தக் கூட்டணியிலும் இல்லையே" என்றான். கூட்டம் சிரித்தது. கூட்டணியில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்தானே அது. அவனுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

சின்னவள் அவனிடம் உண்மையிலேயே ஏதாவது சொன்னாளா என்று மறுநாள் காலைக்கான லாகைத் தேடிப் பார்த்தேன். அது என் ஷிப்ட் இல்லை. இரண்டு பேரும் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அவன் அரைக்கிறான், அவள் காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளிப் போடுகிறாள், உதடு அசைகிறது. லாகில் என் சக ஊழியர் எழுதியிருந்தது: 'மிக்ஸி. கேட்கவில்லை.' அடை கொரகொரப்பாக வந்ததா என்று எந்த லாகிலும் இல்லை. வந்திருந்தால் என் பக்கம் ஒரு வாதம் இருந்திருக்கும், என் எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

சமாதானமும் சொல்லிக்கொள்கிறேன். நான் சொன்னது ஒரு சொல். அதற்குப் பிறகு எடிட்டர், டைரக்டர், சேனல், தொகுப்பாளர், புரோமோவுக்குக் குரல் கொடுத்தவர், பல்லாயிரம் விரல்கள். 'தெரியவில்லை சார்' என்று சொல்லியிருக்கலாம்தான். தெரியவில்லை என்று சொல்லும் லாகரை அடுத்த சீசனுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பயத்தில்தான் சொன்னேனா என்றால், இல்லை. கேட்ட நிமிஷத்தில் எனக்கு உண்மையாகவே திட்டம் என்றுதான் பட்டது. குரலைத் தணித்தாரே, சும்மாவா தணிப்பார்? வீடே தூங்குகிற நேரத்தில் யார்தான் குரலைத் தணிக்கமாட்டார்கள் என்பது பிறகுதான் தோன்றியது.

நெடுநாள் கழித்து ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் அக்காவைப் பார்த்தேன். என்னை அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களை யாருக்கும் தெரியாது. என் வேலையைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, கேட்டே விட்டேன்.

"திட்டம்தான் தம்பி. நான் என்ன முட்டாளா?" என்றார் சிரித்துக்கொண்டே.

கேட்டவுடன் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதுதான் பிறகு உறுத்தியது. இதே அக்கா மேடையில் "அது அடை மாவுக்குச் சொன்னது சார்" என்றார். நம்பாமல் சிரித்தார்கள். வெளியே வந்த பிறகு அவருக்குக் கிடைத்த பெயர் 'மாஸ்டர் மைண்ட்'. அந்தப் பெயரில்தான் திறப்பு விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள், பேட்டி எடுக்கிறார்கள். அரைக்கிற முறையைப் பற்றிப் பேசி ஒரு பையனை வெளியே அனுப்பிவிட்டவர் என்பதைவிட, காய் நகர்த்தத் தெரிந்தவர் என்பது யாருக்குமே பிடிக்கும். அல்லது உண்மையைத்தான் சொன்னாரோ என்னவோ. "அப்படியென்றால் அந்தப் பையனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டேன். "அதை அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்" என்று மைக் முன்னால் போய்விட்டார். அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

இப்போது வேறொரு நிகழ்ச்சியில் இருக்கிறேன். லாகில் காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன். 'கூட்டணி', 'சண்டை', 'சமாதானம்' என்று மேலே தலைப்புப் போடுவதில்லை. குழாய், மிக்ஸி, இருமல் எல்லாம் எழுதுகிறேன். போன வாரம் புது எடிட்டர் ஒருவர் வந்து, மற்றவர்கள் லாகில் தேடியதும் கிடைக்கிறது, உங்களுடையதை முதலிலிருந்து படித்தால்தான் விஷயமே தெரிகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அதற்கெல்லாம் யாருக்கு நேரம் என்று சண்டை போட்டார். அவர் சொல்வது நியாயம்தான். திங்கட்கிழமையிலிருந்து தலைப்புப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.