பயமும் சந்தேகமும்: பணித்தள நாட்குறிப்பு

பிப்ரவரி 3

"விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்று சொல்லியே புது மிஷனரிகளை அனுப்பிவிடுகிறார்கள். முதல் ராத்திரி நெஞ்சு படபடத்ததும், தனக்கு விசுவாசமே இல்லையோ என்று ஆள் ஒடுங்கிப்போகிறார். பவுல் கொரிந்துவில் இருந்தது "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" (1 கொரி. 2:3). அப்படியும் ஒன்றரை வருஷம் அங்கேயே தங்கிப் போதித்தார்.

பிப்ரவரி 5

ஜெபிக்குமுன் பயத்தை ஒரே வரியில் தாளில் எழுத வேண்டும்: எதற்கு, யாரால், எப்போது. "பயமாயிருக்கிறது ஆண்டவரே" என்று மொத்தமாக ஜெபித்தால் பயமும் மொத்தமாகவே நிற்கும். "வியாழன் இரவு கூட்டம் முடிந்து தனியாகத் திரும்பப் பயம்" என்று எழுதிப் பார்த்தால் பாதி வேலை நம் கையில் இருப்பது தெரியும். துணைக்கு ஒருவரை அழைக்கலாம், கூட்டத்தைப் பகலுக்கு மாற்றலாம். நெகேமியா 4:9-ல் ஜெபமும் பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள். காவல் வைப்பதே அவிசுவாசம் என்பவர்கள் அந்த வசனத்தைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் போலும்.

நம் கையில் இல்லாத மீதிக்குத்தான் சங்கீதம் 56:3. மனதுக்குள் அல்ல, வாய்விட்டு: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

பிப்ரவரி 6

மலேரியாவுக்கு வாரம் ஒருமுறை மெஃப்ளோகுயின் எடுப்பவர்களுக்குக் கெட்ட கனவும் காரணமில்லாத பதற்றமும் வரலாம். ஆவிக்குரிய போராட்டம் என்று முடிவுகட்டுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை இருக்கிறது.

பிப்ரவரி 9

சோர்வில் கிடப்பவரிடம் "உபவாசித்து ஜெபியுங்கள்" என்பது தப்பான மருந்து. 1 இராஜாக்கள் 19-ல் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எலியா தூங்கினார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கிடைத்தது, மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று ஆண்டவர் கேட்டது ஓரேப் மலைக்குப் போனபின்தான். ஆகவே சாப்பாடு, தூக்கம், அப்புறம் ஜெபம். அழைப்பு உண்மையா என்ற முடிவை ராத்திரியில் எடுக்கவே கூடாது.

பிப்ரவரி 14

பயத்தைவிடச் சந்தேகம் பிடிவாதமானது, பெரும்பாலும் "கனியே இல்லை" என்ற இடத்தில்தான் பிடிக்கும். மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்தது 1793-ல். அங்கே முதல் கனியான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28. இன்னொரு மிஷனரியான அதோனிராம் ஜட்சன் பர்மாவில் 1813 முதல் 1819 வரை முதல் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார். அதே ஜட்சன், 1826-ல் மனைவி இறந்தபின் கடும் மனச்சோர்வில் விழுந்து, தனக்கே குழி வெட்டி அதனருகே உட்கார்ந்திருந்தவர்; பிறகு பர்மிய வேதாகமத்தை முடித்தவரும் அவரே.

இந்தச் சந்தேகத்தை ஜெபக்கடிதத்தில் யாரும் எழுதுவதில்லை. அது காணிக்கை அனுப்புகிறவர்கள் கைக்குப் போகிற கடிதம், எழுதத் துணிச்சல் வராது. அதனால் பணமும் பதவியும் சம்பந்தப்படாத ஒருவரைப் புறப்படுமுன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு கடிதம், மகனுக்காக இயேசுவிடம் கெஞ்சிய மாற்கு 9:24-ன் தகப்பனைப் போல இரண்டையும் ஒரே மூச்சில்: எதை விசுவாசிக்கிறேன், எதை விசுவாசிக்க முடியவில்லை. அவர் புத்திமதி எழுத வேண்டியதில்லை. வாசித்து, பெயர் சொல்லி ஜெபித்து, "கிடைத்தது" என்று பதில் போட்டால் போதும்.