நசுங்கிய டம்ளர்

சர்ச்சில் சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சபை அசனம். ஒரே பந்திதான். பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி, பையிலிருந்து விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இங்கயே டம்ளர் இருக்கே பாட்டி."

"பழகிப்போச்சு தாயி. டீக்கடையில நமக்குன்னு தனியா வச்சிருந்தத தொடப் பிடிக்காம, அப்பவே கையோட கொண்டு போவேன்."

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு நினைவுக்கு வந்தார். பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். வழிபாட்டில் அப்பத்தைப் பகிர்ந்து உண்ணும் நற்கருணையை, எல்லோருக்கும் ஒன்றாகப் பொங்கிய 'ஒரு உலை'ச் சோறாகப் பார்த்தவர். சாதி பிரித்து வைத்ததே அடுப்பைத்தானே?

சரி, இங்கே உலை ஒன்றாகிவிட்டது. கைக்கு அது தெரிய எத்தனை வருஷம் ஆகும்?

பாட்டி ரசத்தையும் அந்த டம்ளரில்தான் வாங்கிக் குடித்தார்.