பிள்ளையை யாரிடம் விடுவது?

சட்டத்தைப் படித்தால் நம் நாட்டில் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்துக்கு அப்புறம் 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு, 50 பேர் வேலை செய்யும் இடம் என்றால் குழந்தைகள் காப்பகம், அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். தமிழக அரசு ஊழியர் என்றால் 2021 முதல் 12 மாத விடுப்பு. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது?

ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு எந்த வீட்டில் 50 பேர் வேலை செய்கிறார்கள்? அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். அங்கே சேர்க்க இரண்டு வயதாவது ஆக வேண்டும், அதுவும் சாயங்காலத்துக்குள் பூட்டிவிடுவார்கள் (அந்த ஊழியரையும் திட்ட மனசு வரவில்லை, கணக்கெடுப்பு முதற்கொண்டு எல்லாம் அவர் தலையில்தான்).

எங்கள் அபார்ட்மெண்டுக்கு வரும் ஒருவர், தன் கைக்குழந்தையை ஏழாவது படிக்கிற மகளிடம் விட்டுவிட்டு வந்துதான் மூன்றாவது மாடி ஐடி தம்பதியின் எட்டு மாதப் பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டுகிறார். போன வாரம் தம்பிக்குக் காய்ச்சல், அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கட். அந்த ஐடி அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் வேறு வழியில்லை, காசு இருப்பதால் ஆள் கிடைத்தது, அவ்வளவுதான்.

வார்டு கவுன்சிலரிடம் ராத்திரி ஏழு வரை திறந்திருக்கும் ஒரு காப்பகம் கேட்கலாமே என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு கட்டைவிரல் வந்தது, அப்புறம் யாரோ பார்க்கிங் பஞ்சாயத்தை ஆரம்பித்துவிட்டார்கள்.