கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போய் வந்தோம்

ஓசூர் பக்கம் எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாமே காதில் விழும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றால் மட்டும் எல்லா மொழியிலும் ஒரே பதில்: "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு?" 30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் பார்க்க வீட்டுக்கு வரும் அக்கா இதையும் நினைவுபடுத்துவார். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவோம்.

கிளறிப் பார்த்தால் ஆளுக்கொரு தயக்கம். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்காவுக்கு, மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று. பக்கத்து வீட்டு உருது பேசும் பெண்ணுக்கு, ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று. எனக்கு, ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்று. "இல்லம்மா, நர்ஸம்மாதான் பார்ப்பாங்க. மாதவிலக்கு இல்லாத நாளா வாங்க" என்றார் சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் அக்கா. சரி, மூவரும் சேர்ந்தே கிளம்பினோம்.

நர்ஸ் முதலில், உள்ளே விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை என் கையில் கொடுத்து, எப்படி விரியும் என்று காட்டினார். பாதி பயம் அங்கேயே போய்விட்டது. "மூச்சை மெதுவா விடுங்க, இடுப்பை இறுக்காதீங்க" என்றார். வலி இல்லை, கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்தார், வினிகர் வாடை. ஒரு நிமிடம் விட்டு விளக்கடித்துப் பார்த்தார். செல்கள் மாறியிருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியுமாம். எனக்கு ஒன்றுமில்லை, 5 வருடம் கழித்து வரச் சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அழுதுவிட்டாள். "வெள்ளையா தெரிஞ்சா புற்றுநோய்னு அர்த்தம் இல்ல, புண் இருந்தாலும் தெரியும். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொத்தினாலும், அது புற்றுநோயா மாற பல வருஷம் ஆகும், அதுக்குள்ள பிடிச்சுடத்தான் இந்தப் பரிசோதனையே" என்று நர்ஸ் பொறுமையாகச் சொல்லி, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பி பரிசோதனைக்கு அனுப்பினார். கூடவே போனேன். வெறும் புண்தான், மருந்திலேயே ஆறிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தி மகளிடம் சொன்னேன். அங்கே 25 வயதிலிருந்து 5 வருடத்துக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை; 2022 முதல் மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கலாம். அப்படியும் அவளோடு வேலை செய்யும் பெண்கள் சிலர் தள்ளிப்போடுகிறார்களாம். படித்தவர், படிக்காதவர், இந்த ஊர், அந்த ஊர் என்றில்லை, கூச்சம் எல்லோருக்கும் உண்டு. அதனால் வீட்டுக்கு வந்து கூப்பிடுபவர்களே, யார் பார்ப்பார்கள், உள்ளே என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நாங்கள் கிளம்பியது அதைக் கேட்ட பிறகுதான்.